தன் ஃபோல்டருக்குள் குடியிருந்தவர்

அவர் எங்கள் கொடியில் ஒருநாளாவது துணி காயப்போட்டதில்லை. பின்வளவில் இரண்டு கொடிகள் இருந்தன. ஒன்று எப்போதும் வெறுமையாகத்தான் கிடக்கும். அதிலே போடும்படி உங்கள் அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறா. அவர் சிரித்துவிட்டு, வாடகைக்கு இருந்த மேல் அறைக்குப் போகிற இரும்புப் படியின் கைப்பிடியில் தான் வாங்கி வந்த நைலோன் கயிற்றைக் கட்டி, அதிலே தன் இரண்டு சேட்டையும் சாரத்தையும் விரிப்பார். காய்ந்ததும் துணியோடு சேர்த்துக் கயிற்றையும் அவிழ்த்து உள்ளே கொண்டுபோய்விடுவார். அடுத்த முறை திரும்பவும் கட்டுவார்.

மூத்தவளுக்கு அவரை நன்றாக ஞாபகமிருக்கும். சின்னவனே, நீ அப்போது சிறுபிள்ளை. படியில் இருந்து ஃபோனில் கதைக்கிற மாமா என்றால் உனக்கும் கொஞ்சம் பிடிபடும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கந்தோரிலே பில்லும் கடிதமும் அடித்ததைத் தவிர எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் உங்கள் இரண்டு பேருக்கும் அவரைப் பற்றி எழுதி வைக்கவேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுகிறேன்.

அவருக்கு வவுனியாவில் மனைவியும் ஒரு மகளும். அந்தப் பிள்ளை சின்னவனை விட இரண்டு மாதம் இளையவள். வந்த முதல் கிழமையே அவர் என்னிடம் சொன்ன ஒரே ஆசை, மகள் முதலாம் வகுப்புக்கு வரும்போது தாயையும் பிள்ளையையும் கொழும்புக்குக் கூட்டிவந்து இங்கே ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடவேண்டும் என்பதுதான். அதற்குத்தான் இந்த வேலை, இந்தத் தனி அறை, மாதம் ஒரு தடவை வெள்ளி பின்னேரம் பஸ் ஏறி ஞாயிறு திரும்புகிற ஓட்டம் எல்லாம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்து எந்தெந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாம், ஹெவ்லொக் டவுன் பக்கம் போவதானால் எத்தனை இடத்தில் வீதியைக் கடக்கவேண்டும் என்றெல்லாம் அவர் நடந்தே பார்த்து வைத்திருந்தார். பிள்ளையின் கால் எட்டு எவ்வளவு வரும் என்று கணக்குப் பண்ணி மெதுவாக நடந்தாராம்.

நானும் அவரும் வேலை செய்தது கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் இருந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற ஒரு சின்னக் கந்தோரில். ஆறு பேர், இரண்டு கணினி. கப்பலில் வந்த சாமானுக்குரிய தாள்களைச் சரிபார்த்து, ஸ்கான் பண்ணி, ஒரே கோப்பாகக் கோத்து அனுப்பினால்தான் ஒருகொடவத்தையில் நிற்கிற கொள்கலனை லொறியில் ஏற்றவிடுவார்கள். ஒரு தாள் பிந்தினால் லொறிக்காரன் அங்கிருந்து ஃபோனில் ஏசுவான்.

அந்தக் கணினிகளை அமைத்துத் தந்தவன் முதலாளியின் மருமகன். கெட்டிக்காரப் பொடியன். லினக்ஸைப் போட்டுத் தந்தான். எவரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருத்தலாம் என்று செய்தவர்களே விட்டிருக்கிற ஒன்று அது. நல்லாய்த்தான் ஓடியது. பிறகு பொடியன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். ரூட் பாஸ்வேர்டும் அவனோடு போய்விட்டது.

ரூட் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்தையே தருகிறேன். நம் கடற்கரைப் பக்கத்து ஃபிளாட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தாங்கி, லிஃப்ட், மோட்டர் அறை எல்லாம் பொது. அவற்றை மனேஜர் பூட்டி வைத்திருப்பார், கைவைக்க அவருடைய திறப்பு வேண்டும். அந்தத் திறப்புத்தான் ரூட். மற்றபடி ஆளுக்கொரு வீடு உண்டு. உங்கள் பெயரைச் சொல்லி உள்ளே போனால் உங்கள் வீட்டுக்குள் நீங்கள் எதையும் வைக்கலாம். ஆனால் புதிதாக ஒரு மென்பொருளை ஏற்றினால் அது வழக்கத்தின்படி பொது இடத்துக்குத்தான் போய் உட்காரப் பார்க்கும். எங்களிடம் திறப்பு இல்லாதபடியால் போகாது. எங்கள் பழைய கோர்க்கிற மென்பொருள் பெரிய கோப்பு வந்தால் திணறும். புதியது போட வழியில்லை. முதலாளி மருமகனுக்குச் செய்தி அனுப்பினார். 'மறந்துபோச்சு மாமா' என்று மறுமொழி வந்தது.

அப்போதுதான் இவர், வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மெல்லச் சொன்னார்.

"பொதுவிலை ஏன் வைக்கவேணும்? என்ரை வீட்டுக்கை வைச்சால் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லையே."

ஒன்பது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் செய்தார். சோற்றுப் பார்சலை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மற்றக் கையால் தட்டுவார். அந்த மென்பொருளின் மூல எழுத்தை, அதாவது சோர்ஸ் கோடை, இறக்கி, கணினியைக் கொண்டே அதைக் கட்டவேண்டும். கட்டத் தொடங்கும்போது ஒரு சொல் சொல்லவேண்டும். பிரிஃபிக்ஸ் என்பது அதன் பெயர். 'வழக்கமான இடத்துக்குப் போகாதே, இங்கே என் வீட்டுக்குள் இந்த ஃபோல்டருக்கு வா' என்று அர்த்தம். அதை முதலிலேயே சொல்லவேண்டும். கட்டிமுடித்த பிறகு தூக்கி வேறிடத்தில் வைத்தால் பெரும்பாலும் சரிவராது. தன் பகுதிகள் எங்கே இருக்கின்றன என்ற விலாசம் அதன் உடம்புக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும்.

இவ்வளவும் சொன்னால் சுலபம் போலிருக்கும். ஆனால் அது ஓடுவதற்கு இன்னொன்று வேண்டும் என்று நிற்கும். அந்த இன்னொன்றைத் தேடி அதே ஃபோல்டருக்குள் கட்டினால், அது தனக்கு வேறொன்று வேண்டும் என்னும். பொது இடத்தில் என்றால் எல்லாம் தானாக வந்து சேர்ந்திருக்கும். தனியே வைக்கிறவன் உப்பு முதற்கொண்டு தானே கொண்டுவரவேண்டும்.

கந்தோரில் அன்ரன் என்று ஒருவர் இருந்தார். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர், வாய் சும்மா இராது. இவருக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"பாருங்க, இந்தாளு வீட்லயும் வாடக, கம்ப்யூட்டர்லயும் வாடக. ஏன் மச்சான், சொந்தமா ஒரு ஆணியாவது அடிச்சிருக்கியா எங்கயாவது?"

"அடிச்சால் பிறகு கழட்டேக்கை ஓட்டை தெரியுமெல்லோ அன்ரன்" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்தாம் நாள் அது ஓடியது. அறுபது பக்கத்தை ஒரு நொடியில் கோத்தது. நான் என் பெயரில் உள்ளே போய் அந்த மென்பொருளின் பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வந்தது. இல்லையாமே தம்பி என்றேன்.

"இருக்கு அண்ணை. அது தேடுற இடங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கு. பட்டியலிலை இருக்கிற இடத்திலை மட்டும்தான் போய்ப் பாக்கும். பக்கத்து அறையிலை இருந்தாலும், பட்டியலிலை இல்லாட்டி அதுக்கு நாங்கள் இல்லை."

"எங்கட விதானையார் மாதிரி" என்றேன். ஊர்ப் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கிற கிராம சேவகரை யாழ்ப்பாண ஆட்கள் அப்படித்தான் சொல்வது. அவருக்கு அது சரியான பகிடியாகப் போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு என் பட்டியலில் அவருடைய ஃபோல்டரின் பெயரை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லித்தந்தார். அன்ரனுக்கும் மற்றவர்களுக்கும் அப்படியே. அன்றிலிருந்து எங்கள் கந்தோர் முழுவதும் அவருடைய வீட்டுக்குள் புகுந்து அவருடைய சாமானைப் பாவித்தது. அவர் ஒரு குறையும் சொன்னதில்லை.

பொதுவாகவே அவர் ஒன்றும் கேட்கமாட்டார். ஒருதரம் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கள் கீழ்த் தொட்டியில் நிறையத் தண்ணீர் இருந்தது அவருக்குத் தெரியும். காலி வீதிக் கடையில் இரண்டு பெரிய போத்தல் தண்ணீர் வாங்கிக்கொண்டு படியேறினதை நான் கண்டேன். ஏன் கேட்கவில்லை என்று அடுத்தநாள் பஸ்ஸில் கேட்டேன். "கேட்டால் நீங்கள் ஓமெண்டு சொல்லவேணும், இல்லாட்டி இல்லையெண்டு சொல்லவேணும். ரண்டும் உங்களுக்குக் கரைச்சல்தானே" என்றார். அது அவருடைய நல்ல குணம் என்று நான் அம்மாவுக்கு வந்து சொன்னேன். அவருக்கு இது பயமாக்கும் என்று மட்டும் அம்மா சொன்னா.

அவருக்கு வருகிற கடிதங்கள்கூடக் கந்தோர் விலாசத்துக்குத்தான் வரும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாங்கள் தட்டில் வைத்துக் கொடுப்பதை வாசலில் நின்று வாங்குவார். தட்டைக் கழுவி, அதிலே கொஞ்சம் சீனியோ பேரீச்சம்பழமோ வைத்துத் திருப்பித் தருவார். உள்ளே வந்து இருங்கோ என்றால், செருப்பு ஊத்தை என்பார். பின்னேரங்களில் அந்த இரும்புப் படியில், மேலிருந்து மூன்றாவது தட்டில், மகளோடு ஃபோனில் கதைப்பார். சில நாளில் அந்தப் பிள்ளை கடல் காட்டச் சொல்லும். உடனே சேட்டை மாட்டிக்கொண்டு ஒழுங்கையால் இறங்கி, ரெயில் பாதையைக் கடந்து, கல்லில் ஏறி நின்று ஃபோனைத் தூக்கிப் பிடிப்பார். சனங்கள் சோடி சோடியாக, குடும்பம் குடும்பமாக இருக்கிற அந்தக் கரையில் ஒரு மனிசன் தனிய நின்று கடலுக்கு ஃபோனைக் காட்டிக்கொண்டிருப்பதை நான் இரண்டு மூன்று தரம் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிள்ளை கேட்கிற கேள்விக்கு அவர் சொல்கிற பதில் மட்டும் காற்றில் கேட்கும். "வருவம், வருவம். முதலாம் வகுப்புக்கு வருவம்."

இனி எழுதப்போவதுதான் நான் எழுத நினைத்தது.

கொழும்பில் பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்க ஓடித்திரிந்த தாய் தகப்பனைக் கேட்டால் சொல்வார்கள். தாய் தகப்பனின் பெயர் அந்த விலாசத்து வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து இருக்கவேண்டும். எத்தனை வருடம் இருக்கிறதோ அத்தனைக்குப் புள்ளி. இடாப்பில் பெயர் இல்லாவிட்டால், பள்ளிக்கூட மதிலோடு சேர்ந்த வீட்டில் இருந்தாலும் பிரயோசனமில்லை. அந்த இடாப்புக்கு வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் படிவம் வரும். வீட்டுக்காரன்தான் அதை நிரப்பிக் கையெழுத்து வைக்கவேண்டும். வாடகைக்கு இருக்கிறவர் தானாக எழுதிக்கொள்ள முடியாது.

வெள்ளவத்தையில் வீடு வைத்திருக்கிறவர்களிடம் ஒரு கதை உண்டு. வாடகைக்கு இருக்கிற ஆளின் பெயரைப் படிவத்தில் போட்டால், பிறகு அவரை வீட்டை விட்டு எழுப்பேலாது, வீடு போச்சு என்று. சட்டம் உண்மையில் அப்படித்தானா என்று நான் ஒரு லோயரிடமும் கேட்டதில்லை. இது அம்மாவின் சீதன வீடு. அம்மாவின் அண்ணன், உங்கள் மாமா, வெளிநாட்டில் இருந்து ஃபோன் எடுக்கிறபோதெல்லாம், மேலே இருக்கிறவன்ரை பேரை மட்டும் போட்டிடாதை என்று சொல்லுவார். அவர் சொன்னார் என்று நான் அவர்மேல் பழியைப் போடவில்லை. பேனாவுக்கு உத்தரவு கொடுத்தது நான்தான்.

பேனாவைப் பிடித்தது நானல்ல. என் கையெழுத்துக் கோழி கிளறினது மாதிரி. விதானையார் வாசிக்க முடியாமல் முந்தி ஒருதரம் திருப்பி அனுப்பியிருந்தார். இவருடைய எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதனால் படிவம் வந்த அன்று நானே மேலே போய் அவரைக் கூட்டிவந்தேன். எங்கள் மேசையில் அவர் இருந்தது படிவம் நிரப்பின நாட்களில் மட்டும்தான். அம்மா தேத்தண்ணி வைத்தா. அவர் என் பெயர், அம்மாவின் பெயர், அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாம் அழகாக எழுதினார். அதன்பிறகு கீழே வெறுமையாகக் கிடந்த வரிகளுக்கு வந்தார். பேனா நின்றது. தலை நிமிராமல் கேட்டார்.

"வேறை ஆரும் இருக்கினமோ அண்ணை?"

எனக்கு விளங்காமல் இல்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதிலே ஆவி போய்க்கொண்டிருந்தது. ஒன்றுமே கேட்காத மனிசன் கேட்டது அது. அவர் கேட்கக்கூடிய விதம் அவ்வளவுதான்.

"இல்லை. கோடு போட்டுவிடுங்கோ" என்றேன்.

அடிமட்டம் கேட்டு வாங்கி, அந்த வெறும் வரிகளின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டார். கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தை எனக்கு விரலால் காட்டினார். தேத்தண்ணியைக் குடித்தார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாம் வருடமும் அப்படியே. அதே மேசை, அதே சொற்கள். "வேறை ஆரும் இருக்கினமோ அண்ணை?" அந்த முறை எனக்குக் கோபம்கூட வந்தது. தெரிந்துகொண்டு ஏன் கேட்கிறார் என்று. "போனமுறை மாதிரித்தான்" என்றேன்.

மூன்றாம் வருடம் அவர் கேட்கவில்லை. எழுதி முடித்து, அடிமட்டத்தைத் தானே எடுத்து, கோட்டைப் போட்டு, பேனாவை மூடி என் பக்கம் தள்ளினார். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பிள்ளைகளே, அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கு நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இல்லை என்று சொன்னதைவிட அது பெரிய பிழை. அவருடைய பெயரை நான் இங்கே எழுதாமல் விடுவதும் அதனால்தான். எழுதவேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டவன், இப்போது சும்மா ஒரு கொப்பியில் எழுதி என்ன?

அந்த வருடந்தான் கந்தோரில் ஒரு கணினி விழுந்தது. தட்டினால் கறுப்புத் திரைதான். முதலாளி பேலியகொடையில் இருந்து ஒரு சிங்களப் பொடியனைக் கூப்பிட்டார். அவன் பொது இடம் முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டான். ஆளாளுடைய வீடுகளை மட்டும் தொடாமல் விட்டான். மருமகன் பொதுவில் வைத்துவிட்டுப் போன தமிழ் எழுத்துரு, பிரிண்டர் அமைப்பு எல்லாம் போய்விட்டன. லொறிக்காரர் ஏசத் தொடங்கிவிட்டார்கள். இவர் தன் பெயரில் உள்ளே போனார். அவருடைய கோர்க்கிற மென்பொருள் ஓடியது. அவர் தன் வீட்டுக்குள் வைத்திருந்த தமிழ் எழுத்தும் வந்தது. எங்கள் பட்டியல்களில் அந்த ஒரு வரி இருந்தபடியால் எங்களுக்கும் அந்த மென்பொருள் ஓடியது. பொடியனுக்கு ஆச்சரியம். "அய்யே, மேக்க கொஹொமத?" என்று, இது எப்படி என்று, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டான். அன்றைக்கு அவருடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். சிங்களமும் தமிழும் கலந்து அரை மணித்தியாலம் கதைத்தார். நான் அவரை அவ்வளவு கதைக்கக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

முதலாளிக்கும் சந்தோசம். இப்போதுதான் ரூட் பாஸ்வேர்ட் கையில் இருக்கிறதே, உம்முடைய சாமானைப் பொதுவிலேயே போட்டுவிடும், எல்லோருக்கும் நிரந்தரமாக இருக்கட்டும் என்றார். வேண்டாம் ஐயா என்றுவிட்டார் இவர். "இப்பிடி இருந்தால், நான் போனபிறகு இந்த ஒரு ஃபோல்டரை அழிச்சால் காணும். வேறை ஒரு இடத்திலையும் என்ரை ஒண்டும் இராது." முதலாளி அதைக் கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டார். அன்ரன் மட்டும் அன்றைக்குப் பகிடி விடவில்லை. எழும்பி வெளியே போய்விட்டார்.

பிறகு சின்னவனை முதலாம் வகுப்பில் சேர்க்கிற காலம் வந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரம், வீட்டு உறுதி, மின்சார பில், வருடவாரியான இடாப்புப் பிரதிகள் எல்லாம் சேர்த்து ஒரு கட்டு. அதை ஒரே கோப்பாகவும் வைத்திருந்தால் நல்லது என்று ஆரோ சொல்லிவிட்டார்கள். ஸ்கான் பண்ணிக் கோர்க்க நான் ஆரிடம் போவேன்? அவரிடந்தான் கொடுத்தேன். வெட்கமில்லாமல் கொடுத்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் ஒவ்வொரு தாளாக நேராக்கி வைத்து ஸ்கான் பண்ணினார். இடாப்புப் பிரதிகள் வந்தபோது நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எங்கள் வீட்டு இலக்கம், அதற்கு நேரே என் பெயர், அம்மாவின் பெயர். மூன்று வருடமும் அந்த இரண்டு பெயர்தான். மூன்று வருடமும் அவர் எங்கள் தலைக்கு மேலே நடந்து திரிந்தவர்.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணை" என்றார். "ஒரு குறையும் இல்லை."

அன்று பஸ்ஸில் வரும்போது, உங்கட பிள்ளைக்கு என்ன யோசிக்கிறீங்கள் என்று கேட்டேன். வவுனியாவிலேயே சேர்க்கிறதாம். வீட்டுக்குக் கிட்டவாம். நல்ல ரீச்சர்மாராம். வாற முறை படிவத்தில் உங்கட பேரையும் போடுவம் தம்பி என்றேன். எப்படி எனக்கு வாய் வந்தது என்று தெரியவில்லை. அவர் வெளியே பார்த்தபடி, "இனி எதுக்கு அண்ணை" என்றார். குரலில் ஒரு கோபமும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பம்பலப்பிட்டி தாண்டினதும் மழை வரும்போலை இருக்கு என்றார்.

சின்னவனே, உனக்கு இடம் கிடைத்தது. வெள்ளைக் களிசானும் சப்பாத்துமாக நீ முதல்நாள் போனபோது, அவர் படியால் இறங்கி வந்து உன் தலையைத் தடவினார். உனக்கு ஒரு பென்சில் பெட்டி தந்தார். இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டார். குடும்பத்தோடு இருக்கப் போகிறேன் என்றார். ஒரு பையும் ஒரு பெட்டியும்தான். போனபிறகு நானும் அம்மாவும் மேலே போய்ப் பார்த்தோம். சுவரில் ஓர் ஆணித் துளை இல்லை. அவர் வாங்கிப் போட்ட பல்பைக் கழற்றி, நாங்கள் முதலில் கொடுத்த பழைய பல்பைத் திரும்பவும் மாட்டியிருந்தார். அம்மா கட்டிலில் இருந்து அழுதா. நாங்கள் அந்த அறையை அதன்பிறகு ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

போன வருடம் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணத்துக்கு வவுனியா போனேன். விசாரித்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். முன் விறாந்தையில் ஒரு சின்ன போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறார். கணினி அவருடையது, பாஸ்வேர்டும் அவருடையது. ஆனாலும் எல்லாவற்றையும் முந்தி மாதிரித் தன் ஃபோல்டருக்குள்தான் வைக்கிறாராம். பழகிப்போச்சு என்றார். மனைவி பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போயிருந்தா. அவர் என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார். அந்தப் பிள்ளை வந்து எனக்கு முன்னால் நின்றது. இரட்டைப் பின்னல், ஒரு பல் விழுந்திருந்தது. சின்னவனைப் போலவே தலையைச் சரித்துப் பார்த்தது.

"மாமான்ரை வீட்டிலையோ அப்பா இருந்தவர்?"

ஓம் என்றேன். கடல் கிட்டவோ என்று கேட்டது. கிட்ட என்றேன். வீட்டில் எத்தனை அறை என்று கேட்டது.

"நாலு."

"ஆரார் எந்த அறை?"

நானும் அம்மாவும் ஒன்றில், பிள்ளைகள் ஒன்றில், ஒன்று ஆரும் வந்தால் போனால் படுக்க, மேலே உள்ளதில் உங்கட அப்பா இருந்தவர், இப்போது ஒருவரும் இல்லை என்றேன். பிள்ளை விரல் மடக்கிப் பார்த்தது.

"அப்ப ரண்டு மிச்சமெல்லோ. அப்பா சொன்னவர், அங்கை எங்களுக்கு இடமில்லையாம், அதாலைதான் நாங்கள் வரேல்லையாம் எண்டு."

நான் என்ன சொல்லியிருக்கலாம்? பிள்ளைக்கு விளங்காது என்று ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவரும் மழுப்பித்தான் வைத்திருக்கிறார், என்னைக் காப்பாற்ற. உள்ளே கோப்பையில் கரண்டி கலக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.

"இடம் இருந்தது பிள்ளை. மாமாதான் தரேல்லை."

கரண்டிச் சத்தம் நின்றது. பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே மறுபடியும் கலக்கத் தொடங்கினார்.